கல்லில் பெயர், பாட்டில் கண்ணீர்

தெருமுனைச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. நடுவில் ஒருவரின் படம். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருக்கிறது. படத்தின் ஒரு பக்கம் 'தோற்றம்' என்று ஒரு தேதி. மறுபக்கம் 'மறைவு' என்று ஒரு தேதி. கீழே மகன், மகள், மருமகள், பேரன், பேத்தி பெயர்கள்.

பெங்களூருவில் ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜி நகர் பக்கம் போனால் இப்படிப்பட்ட சுவரொட்டியைப் பார்க்கலாம். கன்னடக்காரர்களும் தங்கள் மொழியில் இதே போல ஒட்டுகிறார்கள். எழுத்துத் தெரியாத காலத்தில் படம் மட்டும்தான் கண்ணில் படும். 'யாரோ செத்துவிட்டார்கள்' என்று தெரியும். எழுத்துத் தெரிந்த பிறகு, அவர் யார், எத்தனை வயது, யாரெல்லாம் அழுகிறார்கள் என்று தெரிகிறது.

மழை பெய்தால் இந்தக் காகிதம் கிழிந்துவிடும். ஆனால் இந்தப் பழக்கம் லேசில் கிழியாதது. பெங்களூரு என்ற பெயரே ஒரு சாவுச் செய்தியில்தான் முதன்முதலில் எழுத்தாகக் கிடைத்திருக்கிறது.

பேகூரில் ஒரு கல்

பொம்மனஹள்ளி தையல் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு பேகூர் தெரியும். ஓசூர் சாலையில் இருந்து உள்ளே போக வேண்டும். அங்கே பழைய நாகேஸ்வரர் கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலில் ஒரு கல். அதில் பழைய கன்னட எழுத்தில் சில வரிகள் வெட்டியிருக்கிறது. அந்தக் கல்லுக்கு வயது சுமார் 1,100 ஆண்டு.

கல் என்ன சொல்கிறது? நாகத்தரன் என்று ஒரு தலைவன். அவனைச் சேர்ந்த புட்டண செட்டி என்பவன் 'பெங்களூருச் சண்டையில்' செத்தான். செய்தி அவ்வளவுதான்.

ஒரு அரசன் வேகவைத்த அவரைக்கொட்டை தின்றான், அதனால் 'பெந்த காளு ஊர்' என்று பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கதையில் வரும் அந்த அரசன் பிறப்பதற்கு முன்பே பேகூர்க் கல்லில் பெங்களூரு இருக்கிறது. கெம்பே கவுடர் இங்கே கோட்டை கட்டியது 1537இல். அதற்கும் 600 ஆண்டு முந்தியது இந்தக் கல்.

புட்டண செட்டி பெரிய அரசன் இல்லை. அவனைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. அவன் செத்ததற்காக யாரோ மனம் நொந்து ஒரு கல்லில் நாலு வார்த்தை வெட்டினார்கள். அதனால் அவன் பெயரும் நின்றது. ஊரின் பெயரும் நின்றது.

ஹெப்பாளில் இதைவிடப் பழைய கல் ஒன்று இருக்கிறது. அது சுமார் கி.பி. 750ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் ஆண்ட காலம். இராட்டிரகூடர் படை வந்தபோது கிட்டய்யா என்பவன் எதிர்த்து நின்று செத்தான். கல்லில் அவன் உருவமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. இந்தக் கல்லை 2018இல் கல்வெட்டு ஆர்வலர்கள் கண்டெடுத்தார்கள். இப்போது அதற்கு ஒரு சிறிய கல்மண்டபம் கட்டியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கல்லைக் கன்னடத்தில் வீரகல்லு என்பார்கள். தமிழில் நடுகல். நட்டு வைத்த கல் என்று பொருள். கன்னட நாட்டு வீரகல்லில் பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை நடக்கும். நடு அடுக்கில் தேவலோகப் பெண்கள் செத்தவனைத் தூக்கிப் போவார்கள். மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பான். படிக்கத் தெரியாதவருக்கும் கதை புரிந்துவிடும். அந்தக் காலத்துச் சுவரொட்டி என்றே சொல்லலாம். மழைக்கும் அசையாத சுவரொட்டி.

வேடியப்பன் யார்?

பெங்களூருவில் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் வந்தவர்களில் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். அவர்களைக் கேட்டால் வேடியப்பன் கோயிலைப் பற்றிச் சொல்வார்கள். மரத்தடியில் கல் நின்றிருக்கும். கல்லில் ஒருவன் கையில் வில்லோ வாளோ வைத்திருப்பான். பொங்கல் வைப்பார்கள், நேர்ந்துகொள்வார்கள்.

அந்த வேடியப்பன் பல ஊர்களில் ஒரு நடுகல்தான். என்றோ செத்த ஒரு மனிதனின் நினைவுக் கல்தான் இன்று சாமியாக நிற்கிறது. எண்ணெய் பூசிப் பூசி எழுத்து மறைந்திருக்கும். துடைத்துப் பார்த்தால் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து தெரியும்.

அதில் அடிக்கடி வரும் சொல் 'தொறு'. தொறு என்றால் மாட்டு மந்தை. இன்னொரு சொல் 'பட்டான்'. பட்டான் என்றால் செத்தான். மந்தையை எதிரி ஓட்டிப் போகிறான். ஊரில் ஒருவன் பின்னால் ஓடி மாட்டை மீட்கிறான். மாடு வீடு வந்து சேர்கிறது, அவன் வரவில்லை. மாடுதான் அன்றைக்குச் சோறு, உழவு, சொத்து எல்லாம். அதற்காகச் செத்தவனை ஊர் மறக்கவில்லை.

கல் நடுவதற்கும் முறை இருந்தது. தொல்காப்பியம் அதைப் படிப்படியாகச் சொல்கிறது. முதலில் தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது. பிறகு அதை எடுத்து வருவது. நீராட்டுவது. நடுவது. படையல் வைப்பது. வாழ்த்துவது. இன்று பதினாறாம் நாள் காரியத்தில் படத்தைத் துடைத்து, மாலை போட்டு, செத்தவருக்குப் பிடித்த பலகாரத்தைப் படைக்கிறோமே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாய்க்கும் ஒரு கல்

மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கல் ஒன்றை பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கல்லின் காலம் கி.பி. 949-950.

அந்தக் கல் இரண்டு சாவுகளைச் சொல்கிறது. ஒன்று, சோழ இளவரசன் இராசாதித்தன் சாவு. அரக்கோணம் பக்கத்தில் உள்ள தக்கோலத்தில் நடந்த பெரும் போரில், யானை மேல் இருந்தபடியே அவன் கொல்லப்பட்டான். இன்னொன்று, காளி என்ற வேட்டை நாயின் சாவு. அந்தப் போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரனிடம் அரசன், என்ன வேண்டும் என்று கேட்டான். பொன் வேண்டாம், அந்த நாய் வேண்டும் என்று அவன் வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு நாள் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு அந்த நாய் மோதியது. இரண்டுமே செத்தன. நாய்க்காகக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். பூசாரி அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் நாயின் பாவம் அவனைச் சேரும் என்றும் வெட்டி வைத்தார்கள்!

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் இருக்கிறது. தொறுவைக் காக்கச் செத்த வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்து சொல்கிறது.

நாய் வளர்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது. ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். நாயின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது. அந்த வீரனைப் பெற்றவள் பெயர் எங்கே? அவன் மனைவி பெயர் எங்கே?

அழுதவளுக்குக் கல் இல்லை

பெண்ணுக்குக் கல்லே இல்லை என்று சொல்ல முடியாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்காகச் சேர அரசன் இமயத்தில் இருந்து கல் கொண்டுவந்தான் என்று கதை போகிறது. கர்நாடகத்தில் 'மாஸ்திக் கல்' என்று உண்டு. கணவனோடு தீயில் விழுந்த பெண்ணுக்காக நட்டது. உயர்த்திய ஒரு கையும் அதில் வளையலும் செதுக்கியிருக்கும். சிலர் அதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. கூடவே செத்தால் அவளுக்குக் கல். உயிரோடு இருந்து, அழுது, கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவளுக்குக் கல் கிடையாது. உடன்கட்டை ஏற்றுவது இன்று சட்டப்படி பெரிய குற்றம்.

அழுதவள் என்ன செய்தாள்? பாடினாள்.

சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பாடுவார்கள். ஒப்பாரி, பிலாக்கணம் என்று இதற்குப் பெயர். செத்தவரைப் பொன்னுக்கு ஒப்பாக, தேருக்கு ஒப்பாக, கப்பலுக்கு ஒப்பாகச் சொல்லி அழுவார்கள். அவர் இருந்தபோது வீடு எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆகிவிட்டது என்று மாற்றி மாற்றிச் சொல்வார்கள்.

அதில் செத்தவரைப் பற்றி மட்டும் வராது. பாடுகிறவளின் வாழ்க்கையும் வரும். அம்மா செத்துவிட்டாள், இனி பிறந்த வீட்டில் எனக்கு யார் சோறு போடுவார்கள் என்று மகள் கேட்பாள். அண்ணன் பெண்டாட்டி முகம் கொடுக்க மாட்டாளே என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். அண்ணியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்! மற்ற நாளில் இப்படிப் பேசினால் சண்டை வரும். ஒப்பாரியில் சொன்னால் யாரும் தடுக்க மாட்டார்கள். மாமியார் கொடுமை, சீர் செய்யாத குறை, பங்கு கிடைக்காத சொத்து, எல்லாம் அங்கே வெளியே வரும். கோர்ட்டில் சொல்ல முடியாததையும் பெண்கள் ஒப்பாரியில் சொன்னார்கள்.

இந்தப் பாட்டுகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் சொல்லும் மெட்டும் தட்டாமல் வந்து விழும். படித்தவர்கள் இதை இலக்கியம் என்று ஒத்துக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டபோது ஒப்பாரியும் புத்தகத்தில் ஏறியது.

இரண்டு நிலா

ஏட்டில் ஏறிய அழுகை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அது புறநானூறு என்ற பழைய நூலில் இருக்கிறது. சுமார் 2,000 ஆண்டுக்கு முந்தைய பாட்டுகள் கொண்ட நூல் அது.

பறம்பு மலையை ஆண்டவன் பாரி. முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்தவன் என்று சொல்கிறோமே, அவன்தான். மூன்று பெரிய அரசர்கள் சேர்ந்து அவன் மலையை முற்றுகை போட்டார்கள். பாரி கொல்லப்பட்டான். அவனுக்கு இரண்டு பெண்கள். அந்தப் பெண்கள் பாடியதாக ஒரு சிறிய பாட்டு இருக்கிறது. ஐந்தே வரி. போன மாதத்து நிலாவையும் இந்த மாதத்து நிலாவையும் அதில் ஒப்பிடுகிறார்கள். நிலா மாறவில்லை. அதன் அடியில் இருந்ததெல்லாம் போய்விட்டது. அப்பாவும் இல்லை, மலையும் இல்லை. 'ஐயோ' என்ற சொல்கூட அதில் கிடையாது. ஆனாலும் படிக்கிறவருக்குத் தொண்டை அடைக்கும்.

சாவு வீட்டில் கிழவி ஒருத்தி 'அன்று அப்படி, இன்று இப்படி' என்று பாடுகிறாளே, அதே முறைதான் இதுவும். இப்படிப்பட்ட பாட்டுக்குப் பழைய புலவர்கள் 'கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் கை ஓய்ந்துபோன நிலை. கபிலர் பாரிக்காகப் பாடினார். ஔவையார் அதியமானுக்காகப் பாடினார். அதியமானின் நடுகல்லுக்குப் படைத்த கள்ளைப் பார்த்து ஔவையாருக்கு மனம் தாங்கவில்லை. நாட்டையே கொடுத்தாலும் வாங்காத மனிதன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்டார்.

பாரியின் பெண்களுக்கு வருவோம். பாட்டின் கீழே 'பாரி மகளிர்' என்றுதான் இருக்கிறது. அவர்கள் சொந்தப் பெயர் இல்லை. அங்கவை, சங்கவை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவு பெரிய பாட்டைப் பாடியும் அப்பா பெயரில்தான் அவர்கள் நிற்கிறார்கள்.

பாட்டாவது தப்பித்ததே! பனை ஓலையை எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் செல் அரிக்கும், பூச்சி தின்னும். யாராவது பார்த்துப் பார்த்துப் புது ஓலையில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஓலைகளைத் தேடினார். 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். மொத்தம் 400 பாட்டு. அதில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவே இல்லை. இன்றும் புத்தகத்தில் அந்த இரண்டு எண்களுக்கும் பாட்டு கிடையாது. அதில் யார் யாருக்காக அழுதார்களோ!

கன்னடத்திலும் இப்படி மனத்தை உலுக்கும் கவிதைகள் உண்டு. தார்வாட்டைச் சேர்ந்த பெரிய கவிஞர் த.ரா. பேந்த்ரே. அவர் தம் பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தார். ஒரு குழந்தை செத்தபோது, மனைவி தன்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாத ஒரு தகப்பனின் பேச்சாக அவர் எழுதிய கவிதை மிகவும் புகழ் பெற்றது. ஆண் அழக்கூடாது என்று சொல்கிறவர்களுக்கு அதைப் படித்துக் காட்டலாம். உருது மொழியில் மர்சியா என்ற இரங்கல் பாட்டு உண்டு. கி.பி. 680இல் கர்பலாவில் உசேனும் அவர் கூட்டத்தாரும் கொல்லப்பட்டதை நினைத்து முகரம் மாதத்தில் இன்றும் அதைப் பாடி அழுகிறார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதி கிறிஸ்தவர்கள் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகிறார்கள். கல்லில் உள்ள பெயரைக் கையால் தடவிப் பார்க்கிறவர்களும் உண்டு.

அழ நேரம் இல்லாத ஊர்

கிராமத்தில் சாவு என்றால் பறை அடிக்கும். ஊரே வரும். பெங்களூருவில் பத்தடிக்குப் பத்தடி வீடு. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது. மேல் மாடியில் வீட்டுக்காரர் இருக்கிறார். மாரடித்து அழ இடம் ஏது? வில்சன் கார்டன் மின்மயானத்துக்கு வண்டியில் போய்ச் சிறிது நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நாலாம் நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா வந்தபோது இதுவும் இல்லை. மயானங்களில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையில் காத்து நின்றன. சொந்தக்காரர்கள் தூரத்தில் நிறுத்தப்பட்டார்கள். முகம் பார்க்காமல் அனுப்பியவர்கள் பலர். ஒப்பாரி இல்லை, குளிப்பாட்டல் இல்லை, வாய்க்கரிசி இல்லை. அந்த அழுகை சிலருக்கு இன்னும் உள்ளேயே கிடக்கிறது. திடீரென்று பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது. பஸ்ஸில் போகும்போது வருகிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அழுகை போலவே பாட்டும் உள்ளே போய்விட்டது. பேரப்பிள்ளைகளுக்கு ஒப்பாரி தெரியாது. சில சாவு வீடுகளில் கேசட் போட்டார்கள். இப்போது போனில் போடுகிறார்கள். அது யாரோ, யாருக்கோ பாடியது. வீட்டுப் பாட்டி தன் தாய்க்குப் பாடியது வேறு. அதில் அந்தத் தாயின் ஊர் இருக்கும், அவள் வைத்த புளியமரம் இருக்கும், அவள் பட்ட கடன் இருக்கும். அது எந்த கேசட்டிலும் இல்லை. பாட்டியோடு போய்விடும். 267ஆம் பாட்டு போனது போல.

எழுதக் கற்றவர்கள் அதை எழுதி வைக்கலாம். கல்லும் உளியும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதலில் செத்தவர் பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு. அடுத்து பாடியவர் பெயர். இதை மறக்காமல் எழுத வேண்டும். பாரி மகளிருக்கு ஆனது போல ஆகிவிடக்கூடாது. பிறகு பாட்டு. பாடுகிறவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுத வேண்டும். 'போயிட்டியே' என்று பாடினால் 'போய்விட்டாயே' என்று திருத்தக்கூடாது. எழுத்துப் பிழை வந்தால் வரட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. கேட்டவுடன் பாட்டி பாட மாட்டார். நல்லா இருக்கிற வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆகாது என்பார். விளக்கு வைத்த வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். அது அவர் நம்பிக்கை, அதோடு வாதாட வேண்டாம். வாசலைத் தாண்டிக் கூட்டிப் போங்கள். மரத்தடி, குழாயடித் திண்ணை, மொட்டை மாடி, எங்கேயும் சரி. பகல் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 'எனக்கு என்ன தெரியும்' என்பார். பிறகு மெல்ல, வாய்க்குள்ளேயே ஆரம்பிப்பார். நாலாவது வரியில் குரல் உடையும். அப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொள்ளலாம்.